முன்னால் போகிறவருக்குத்தான் காற்று

லண்டனின் கிழக்கே இல்ஃபோர்ட்டில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் கூட்டத்துக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. என்னை யாரும் முந்தக்கூடாது. யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல அது. நான் வயதில் மூத்தவன், எல்லோருக்கும் அண்ணை. கலியாண வீட்டில் முதல் பந்தியில் யாரை இருத்துவது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இதுவும் அப்படித்தான். நான் முன்னால் போவேன், மற்ற மூவரும் பின்னால் வருவார்கள்.

அந்த மூவரில் ஒருவர் குட்மேய்ஸில் இருக்கும் கணக்காளர். வயிறு கொஞ்சம் முன்தள்ளியவர், மரியாதையில் குறை வைக்காதவர். இன்னொருவர் குழாய் வேலை செய்பவர், சாமான் ஏற்ற சொந்தமாக வான் வைத்திருக்கிறார். மூன்றாவது ஆள் இப்போதுதான் முப்பது வயதைக் கடந்த கணினிக்காரர். அவர் நினைத்தால் எங்களை எல்லாம் விட்டுவிட்டுக் கண்காணாமல் போய்விடலாம். அவரும் என் பின்னால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வருவார். அந்த பிரேக் கீச்சிடும் சத்தம் எனக்குக் கேட்கும். முதலில் பெருமையாக இருந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது.

எனக்கு மாரடைப்பு வந்தது அந்தக் காலத்தில்தான். இரத்தக் குழாயில் சிறு வலைக் குழாய் வைத்து, சில மாதங்களுக்குப் பிறகு, சைக்கிள் ஓடுவது நல்லது, பயப்படாமல் ஓடுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பயப்படாமல் என்று சொல்வது அவருக்கு லேசு. மூச்சு கொஞ்சம் கூடினாலே என் கை தானாக நெஞ்சுக்குப் போகும். எசெக்ஸ் பக்கத்துத் தெருக்களில் மேடு இல்லை, ஆனால் எதிர்காற்று இருக்கிறதே, அது மேட்டை விடப் பொல்லாதது. தேநீர் குடிக்க நிற்கும் இடத்துக்கு வந்து சேரும்போது நான் பிழிந்து போட்ட துணியாக இருப்பேன். மற்ற மூவரும் சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்து இறங்குவார்கள். எல்லாம் முடிந்தது, இருதயம் இனிச் சரிவராது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

வீட்டில் சொல்லவில்லை. மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். லண்டனுக்குத் தெற்கே சரே பக்கத்தில் பொக்ஸ் ஹில் என்று ஒரு மலை உண்டு. லண்டனில் சைக்கிள் ஓடுகிறவர்கள் எல்லாம் ஒரு நாளாவது ஏறிப் பார்க்கும் மலை. அதில் ஒரு தடவை ஏறிப் பார்ப்பது, நடுவில் இறங்க வேண்டி வந்தால் சைக்கிளை விற்றுவிடுவது. விற்றால் சைக்கிளோடு நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். பிறகு மாடிப்படி வேண்டாம் என்பேன், பிறகு கடைத்தெரு வேண்டாம் என்பேன், கடைசியில் சாய்ந்திருக்கும் கதிரையும் நானும் மட்டும் மிஞ்சுவோம். என் குணம் எனக்குத் தெரியாதா?

அந்தக் கோடையில்தான் மச்சாள் குடும்பத்தோடு பிரான்சிலிருந்து லண்டனுக்கு வந்தாள். மச்சாள் என்றால் என் மனைவியின் தங்கை. அல்ப்ஸ் மலையடிவாரத்து நகரம் ஒன்றில் பலசரக்குக் கடை வைத்திருந்தவள். இங்கே கடைக்கு இடம் பார்க்கும் வரை எங்கள் வீட்டில் தங்கினாள். ஜூலை மாதம் அவளுடைய ஊர்ப் பக்கமாகப் பெரிய சைக்கிள் பந்தயம் போகுமாம். அன்றைக்குக் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, தன் சைக்கிளிலேயே மலையில் ஏறி, வளைவில் நின்று பார்ப்பாளாம்.

அவள் வந்த கிழமையில் அதே பந்தயத்தின் மலைக் கட்டம் தொலைக்காட்சியில் போய்க்கொண்டிருந்தது. நானும் பக்கத்தில் போய் இருந்தேன். முன்னால் போகிறவனைக் காட்டி, இவன்தானே அணித் தலைவன் என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேரைத் தாண்டி, தலையைக் குனிந்துகொண்டு சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தவனைக் காட்டினாள். தலைவன் அவன். முன்னால் நிற்பவர்கள் அவனுக்காகக் காற்றைத் தாங்குகிறவர்கள். ஒரே அளவான வேகத்தில் வரிசையை இழுத்துக்கொண்டு போவார்கள். அந்த வேகம் கடுமையாக இருப்பதால் எதிரணிக்காரன் பாய்ந்து போக நினைத்தாலும் மூச்சு இருக்காது. இழுக்கிறவன் முடிந்தவரை இழுத்துவிட்டு விலகுவான், அடுத்தவன் அந்த இடத்துக்கு வருவான். கடைசி ஆளும் விலகிய பிறகுதான் தலைவன் தன் பலத்தைக் காட்டுவான். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முன்னால் நின்றவன் ஒரு பக்கமாக ஒதுங்கினான். ஒரே நொடியில் அவனுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிட்டது. வாயைத் திறந்தபடி, நடக்கிற வேகத்தில் வந்துகொண்டிருந்தான். கமெரா அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது.

எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவ்வளவும் செய்து அவனுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன். தலைவன் வென்றால் அவனும் வென்றதுதான், இரவு சாப்பாட்டு மேசையில் எல்லோரும் ஒன்றாகத்தான் இருப்பார்கள் என்றாள்.

அடுத்த ஞாயிறு அவளும் எங்களோடு வந்தாள். வழக்கம்போல நான் முன்னால், காற்று என் முகத்தில். கொஞ்சத் தூரம் பின்னால் வந்தவள், பிறகு எல்லோரையும் தெருவோரம் நிறுத்தச் சொன்னாள். சண்டைக்கு நிற்கிறவள் போல இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"நெஞ்சு வருத்தக்காரனைக் காத்துக்கு முன்னாலை விட்டிட்டு நீங்கள் மூண்டு பேரும் அவரின்ரை முதுகுக்குப் பின்னாலை சொகுசா வாறியள். உது என்ன மரியாதை?"

கணக்காளர் வெலவெலத்துப் போனார். அண்ணையை முந்துவது எப்படி, அவருக்கு முதுகு காட்டுவது எப்படி என்று இழுத்தார். எனக்கோ கோபம் வந்தது. இத்தனை நாளும் இருதயத்தைத் திட்டிக்கொண்டிருந்தேனே, பாதிக் குற்றம் காற்றுடையது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லையே! பிறகு யோசித்தால், முன்னிடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவன் யார்? கோபத்தை விழுங்கிவிட்டு, பொக்ஸ் ஹில்லைப் பற்றி அவர்களிடம் வாயைத் திறந்தேன். இறங்க வேண்டி வந்தால் சைக்கிளை விற்கப்போகிறேன் என்பதையும் சொன்னேன். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. எந்த நாள் என்று மட்டும் கணினிக்காரர் கேட்டார். அந்த மலையில் தன் வேகத்தை அளந்து பார்க்க அவர் மாதக்கணக்காகத் தயாராகிக்கொண்டிருந்தவர். அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்கு அது பிறகுதான் தெரியவந்தது.

சைக்கிள்களை வானில் ஏற்றிக்கொண்டு அடிவாரத்துக்குப் போனோம். மச்சாள் வரிசையைச் சொன்னாள். முதலில் வான்காரர், பிறகு கணக்காளர், அதற்குப் பிறகு நெடுந்தூரம் கணினிக்காரர், கடைசியில் அவள். நான் எல்லோருக்கும் பின்னால். எனக்கு முன்னால் உருளும் சைக்கிள் சில்லைத் தவிர வேறு எதையும் பார்க்கக்கூடாது. வேகத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வான்காரர் சிங்கம் போலப் புறப்பட்டு, முதல் வளைவிலேயே புல்லில் சரிந்துவிட்டார். அடுத்தது கணக்காளரின் முறை. அவர் முன்னிடத்துக்குப் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, குறை நினையாதேங்கோ அண்ணை என்றார். கொஞ்சத் தூரம் போய் இன்னொரு தடவை சொன்னார். மேட்டில் ஏறுகிறவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஏறினால் மூச்சுக்கு எங்கே போவது? வாயை மூடிக்கொண்டு மிதிக்கச் சொல்லி மச்சாள் பின்னாலிருந்து சத்தம் போட்டாள். அதற்குப் பிறகு அந்த மனிதர் மிதித்த மிதியை நான் மறக்கமாட்டேன். கழுத்தெல்லாம் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டி, சைக்கிள் இரண்டு பக்கமும் ஆட ஆட, தன் பங்கு முடிந்த பிறகும் விலகாமல் இழுத்தார். விலகியபோது என்னைப் பார்க்கக்கூட அவருக்குத் தெம்பிருக்கவில்லை.

கணினிக்காரர் வந்ததும் எல்லாம் அமைதியாகிவிட்டது. சில்லு ஒரே அளவாக உருண்டது. நான் தளர்ந்தால் அவரும் தளர்ந்தார், நான் தேறினால் அவரும் ஏற்றினார். தன் கால்களில் இருந்த வேகம் முழுவதையும் அடக்கி வைத்துக்கொண்டு என் வேகத்தில் ஒருவர் போனார். எனக்கு யாரும் இதற்கு முன் இப்படி ஒன்றைச் செய்ததில்லை. அப்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது, வியர்வை என்று நினைத்திருப்பார்கள்.

மரங்கள் விலகி வெளிச்சம் வந்த இடத்தில் மச்சாள் முன்னால் வந்தாள், கொஞ்சம் இழுத்தாள், பிறகு பக்கத்தில் ஒதுங்கினாள்.

"இனி நீங்கள் போங்கோ அத்தான்."

எனக்கு முன்னால் சில்லு இல்லை. தெரு மட்டும் இருந்தது. எழுந்து நின்று மிதித்தேன். தெரு சமதரைக்கு வந்துவிட்டது என்பதே எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

மச்சாளும் கணினிக்காரரும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். மச்சாள் என் தோளில் தட்டினாள். கணினிக்காரர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து என்னிடம் நீட்டினார். குடித்துவிட்டுத் தெருவைப் பார்த்தேன். கணக்காளரைக் காணவில்லை. சைக்கிளைத் திருப்பினேன். எங்கே என்று மச்சாள் கேட்டாள். ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். அவள் மறிக்கவில்லை.

நன்றாகக் கீழே, மர நிழலில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் விழுந்துவிட்டது. நான் பாதியில் திரும்பி வருகிறேன் என்று நினைத்திருக்கிறார்.

"ஏலாமல் போச்சோ அண்ணை?"

மேலே போய்விட்டுத்தான் வருகிறேன் என்றேன். நம்பாமல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சைக்கிளில் ஏறச் சொன்னேன், இனி என் பின்னால் வந்தால் போதும் என்றேன். அவர் அசையவில்லை.

"திரும்பவும் ஏறப் போறியளோ? நெஞ்சு என்ன மாதிரி?"

அவர் கேட்ட பிறகுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. அடிவாரத்திலிருந்து அதுவரை ஒரு தடவைகூட நான் அதைப் பற்றி நினைக்கவில்லை.

"அது தன்ரை வேலையைப் பாக்குது," என்றேன். "நீர் சைக்கிளிலை ஏறும்."