ஆடி மாதத்துக் கோல்கீப்பர்

எங்கள் டீம் தோற்றுக்கொண்டே இருந்த அந்த வருஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஐம்பதுகளின் கடைசி. புத்தூர்ப் பக்கத்துப் பையன்கள் சேர்ந்து நடத்திய ஃபுட்பால் டீம் அது. மில்லிலும் ஆபீசிலும் வேலை பார்க்கிறவர்கள் சாயங்காலம் வந்து ஆடுவார்கள். ஜில்லா லீகில் எங்களுக்கு ஒரு மரியாதை இருந்தது. அந்த வருஷம் அது போயிற்று. தோற்பதில் தப்பில்லை. அடித்து ஆடித் தோற்றால் கை தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். இவர்கள் கல்யாணப் பந்தலில் வரவேற்க நிற்கிறவர்கள் மாதிரி எதிராளிக்கு வழி விட்டு நின்று தோற்றார்கள்.

மலைக்கோட்டை அடியில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்கு வேலை. மேட்ச் நாளில் முதலாளி என் முகத்தைப் பார்த்தே, "போய்த் தொலைங்க" என்று அனுப்பிவிடுவார். சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்பேன். என்னோடு இரண்டு பேர் எப்போதும் இருப்பார்கள். ஒருவர் சர்ச் பள்ளிக்கூடத்து வாத்தியார். கோல் விழுந்தால் சிலுவை போட்டுக்கொண்டு அப்புறம் திட்டுவார். இன்னொருவர் செருப்புக்கடை பாய். அவர் முதலில் திட்டிவிட்டு அப்புறம் அல்லாவிடம் மன்னிப்புக் கேட்பார். ஹாஃப் டைமில் கோல்கீப்பர் எதிர்ப்பக்கம் போனால், நாங்களும் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவோம்.

கோல்கீப்பர் ஸ்ரீரங்கத்துக்காரன். லாரி ஆபீசில் குமாஸ்தா. உயரம், நீளக் கை. ஆனால் அவன் பெயர் வாங்கியது கையால் அல்ல, வாயால். பின்னால் நின்றுகொண்டு, முன்னால் தடுத்து ஆடுகிற பேக்குகளை அவன் திட்டுகிற திட்டுக்கு மைதானமே ஆடும். "டேய் எருமை, அவன் உன் மாமனாரா, விட்டு வேடிக்கை பாக்குற? காலை வைடா!" அவன் வாய்க்குப் பயந்தே அவர்கள் ஓடினார்கள். நானும் பின்னாலிருந்து அவனைத் திட்டுவேன். அவன் திரும்பி எனக்கு ஒன்று கொடுப்பான். எங்கள் சண்டையைக் கேட்பதற்கென்றே நாலு பேர் எங்கள் பக்கம் வந்து நிற்பார்கள்.

இப்படிப்பட்டவனுக்கு வைகாசியில் என் தங்கையைக் கல்யாணம் செய்து கொடுத்தேன். நானே போய்ப் பேசி முடித்த சம்பந்தம். மழையில், சேற்றில், தோற்கிறபோது, ஜெயிக்கிறபோது என்று வருஷக்கணக்காக ஒரு மனிதனைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் என்ன ஜாதகம் வேண்டும்?

ஆனியில் தோற்க ஆரம்பித்தோம். ஆடியில் இன்னும் மோசம். அவன் காலுக்கு நடுவில் பந்து போனது. பேக்குகள் ஆளுக்கொரு திசையில் நின்றார்கள். டீம் செக்ரெட்டரி ஒரு ரிட்டயர்டு ஆசாமி, அதிகம் பேச மாட்டார். கடைசி மேட்சுக்கு முன்னால் எங்களிடம் வந்து, "இந்தத் தடவையும் இதே கதைன்னா வேற பையனை நிறுத்திடுவேன். அவன்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். அது வெறும் ஒரு இடம் போகிற சமாச்சாரம் இல்லை. அவனுடைய அப்பாவுக்குப் பந்து விளையாட்டே பிடிக்காது. டீமில் இருந்து எடுத்துவிட்டால் பூட்ஸைத் தூக்கிப் பரணில் போட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவனும் சரி என்று தலையாட்டியிருந்தான். அந்த ஒரு மேட்சில் அவன் ஆட்டமே முடிந்துவிடும்.

டீக்கடையில் பாய்தான் காரணம் கண்டுபிடித்தார்.

"புது மாப்பிள்ளை. ஆடின்னு சொல்லி பொண்ணைப் பொறந்த வீட்டுல கொண்டுவந்து வச்சிருக்கீங்க. அவன் மனசு எங்கே இருக்கும்? பந்துலயா இருக்கும்?"

"தோக்க ஆரம்பிச்சது ஆனியில பாய்" என்றார் வாத்தியார்.

"ஆனியில, ஆடி வரப்போகுதேங்கிற கவலை. ஆடியில, வந்துட்டுதேங்கிற கவலை. கணக்கு சரியாத்தானே இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் வேறு காரணமும் தோன்றவில்லை. மறுநாளே இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்து அம்மா முன்னால் உட்கார்ந்தார்கள். தங்கையை ஒரு நாலு நாள் ஸ்ரீரங்கத்துக்கு அனுப்ப வேண்டுமாம். வாத்தியார் பரிட்சைக்குப் பாடம் சொல்வது போல் நிதானமாக எடுத்துச் சொன்னார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஆடியில பொண்ணை அனுப்புறதா? எதுக்கு?"

"டீமுக்காகம்மா."

"சித்திரையில பிள்ளை பொறந்தா அந்த வெயில்ல உங்க டீமா வந்து விசிறும்?"

வாத்தியார் கீழே சிந்தின கீரையைப் பொறுக்க ஆரம்பித்தார். பாய் கூரையைப் பார்த்தார். உள்ளே தங்கை சிரிக்கிற சத்தம் கேட்டது. காப்பித் தம்ளர்களோடு வெளியே வந்தவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணே, ஆடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க பின்னாடி நிக்கிறீங்கல்ல, அதான்."

"நான் நின்னா என்ன? எப்பவும்தானே நிக்கிறேன்?"

"முன்னே நீங்க யாரோ. இப்ப மச்சான். மச்சான் காதுல விழற மாதிரி எப்படித் திட்டுறதுன்னு கேக்குறார். வாயைத் திறக்கவே கூச்சமா இருக்காம். அவர் சத்தம் போடலைன்னா பேக் ஆடுறவங்களுக்கு எங்க நிக்கிறதுன்னே தெரியலையாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணத்துக்கு அப்புறம் கடைத்தெருவில் என்னைக் கண்டால் மடித்துக் கட்டின வேட்டியை அவசரமாக இறக்கி விடுவான். பீடியைக் கீழே போட்டு மிதிப்பான். பெண்டாட்டியின் அண்ணன் என்றால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான். அந்த மரியாதையைக் கோல் கம்பம் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறான் முட்டாள். அரை டிராயரில் நிற்கிறவன், இறக்கிவிட வேட்டி இல்லாமல் எவ்வளவு தவித்தானோ.

"அப்ப நீங்க வராதீங்க" என்றார் பாய், தம்ளரைக் கீழே வைத்து.

"நான் வராம ஒரு மேட்சா? வேலையை விடச் சொல்லுங்க, விடுறேன். இது முடியாது."

கத்தினேன். அது என் தப்பு என்று அன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். யார் இவனிடம் மரியாதை கேட்டது? ஆனால் தங்கை முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டு பேசினாளே தவிர, கண்ணில் சிரிப்பு இல்லை. பூட்ஸ் பரணுக்குப் போனால் அந்த வீட்டில் அவன் எப்படி இருப்பான் என்று அவளுக்குத்தான் தெரியும். கடைசியில், எதிராளியின் கோல் கம்பத்துப் பக்கம் போய் நிற்கிறேன் என்று சொன்னேன்.

அப்படியே நின்றேன். தனியாக, எதிராளி ஆட்களுக்கு நடுவில், முந்தின ராத்திரி மழையின் சேற்றில், திருடன் மாதிரி. அங்கிருந்து ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. அவன் பந்தைப் பார்க்காமல் பின்னால் திரும்பித் திரும்பி என்னைத் தேடிக்கொண்டிருந்தான். வழக்கமான இடத்தில் ஆளைக் காணோமே, கோபித்துக்கொண்டேனோ என்று பயந்துவிட்டான் போலிருக்கிறது. அந்தத் தேடலில் ஒரு கோல் விழுந்தது.

ஹாஃப் டைம் விசில் ஊதியதும்தான் எனக்குப் புத்தி வந்தது. இனி அவன் இந்தப் பக்கம்தான் வருவான்! வேறெங்காவது போகலாம் என்று திரும்புவதற்குள் வாத்தியாரும் பாயும் வழக்கம்போல மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வந்து என் இரண்டு பக்கமும் நின்றுவிட்டார்கள்.

"நீங்க போறேன்னு சொன்னது இங்கதானா?" என்றார் வாத்தியார். "நல்லா யோசிச்சீங்க போங்க."

அவன் வந்தான். என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. பிறகு உடனே சுருங்கியது. ஆட்டம் தொடங்கியது. எதிராளி ஒருவன் இடது பக்கமாக ஓடி வந்தான். எங்கள் பேக் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். இவன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்: "தம்பி... கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க."

‘வாங்க’வாம்! கோல் கம்பத்தில் நின்றுகொண்டு வாங்க! பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது எங்கள் அதிர்ஷ்டம். எனக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது.

"டேய்! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? பந்து புடிக்கச் சொன்னா பந்தி விசாரிக்கிறியா? மரியாதையெல்லாம் வீட்டுல வச்சிக்கடா, சோம்பேறி! என் தங்கச்சியை ஒரு கோல்கீப்பருக்குத்தான் குடுத்தேன்!"

எங்கள் பக்கத்தில் நின்ற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையை ஊர் முன்னால் டா போட்டுவிட்டேன். பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அவன் மெதுவாகத் திரும்பினான். காது சிவந்திருந்தது.

"யோவ்! பின்னாடி நின்னுகிட்டு நொட்டை சொல்ல ஜவுளிக்கடையா இது? வாயை மூடிக்கிட்டு நில்லுய்யா! இல்ல நீ வந்து பிடி!" திரும்பி பேக்குகள் மேல் பாய்ந்தான். "டேய் தடியா, நீ எங்கடா போற? அவனைப் பிடி! ரெண்டு பேரும் உள்ள வாங்கடா, எருமைங்களா!"

பேக் இரண்டு பேரும் துள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வாத்தியார் கை தட்ட ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவன் வாய் ஓயவில்லை. கார்னரில் வந்த பந்தை இரண்டு தலைகளுக்கு மேல் எம்பிப் பிடித்தான். கிட்டத்திலிருந்து அடித்ததை மார்பில் வாங்கினான். எல்லாவற்றுக்கும் நடுவில் என்னையும் மறக்காமல் அவ்வப்போது கவனித்துக்கொண்டான். எங்கள் ஆட்களும் அந்தக் கோடியில் எப்படியோ ஒன்றைப் போட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று. டிரா. ஜெயிக்கக்கூட இல்லை. ஆனால் நாங்கள் ஆடினோம்.

செக்ரெட்டரி குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். "வேற பையனைத் தேட வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இவன் சேறும் வியர்வையுமாக என் முன்னால் வந்து நின்றான். டிராயரை இரண்டு கையாலும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க..."

"அந்தக் கடைசிப் பந்தைப் பிடிச்சிருக்கணும். ஏன் கையால குத்தி விட்டீங்க?"

"ஈரப் பந்து மச்சான். உங்களுக்கு என்ன தெரியும்?"

சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து வீட்டுக்கு அழைத்துப் போனேன். ஆடியாக இருந்தால் என்ன, பகலில் காப்பி குடிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "மாப்பிள்ளையை டேய்னியாமே?"

"கிரவுண்டுலதானே அத்தை" என்றான் அவன். "அங்க நான் அதுக்கு மேலயே சொல்லிட்டேன்."

தங்கை காப்பி கொண்டுவந்தாள். அவன் அவளைப் பார்த்த பார்வையைக் கண்டு நான் எழுந்து சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டேன்.

அடுத்த வருஷமும் நாங்கள் நிறையத் தோற்றோம். அறுபதுகளிலும் தோற்றோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோலில் அவன்தான் நின்றான். பின்னால் நான் நின்றேன். ஆற்றுப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரைக்கும் எங்கள் சத்தம் கேட்கும் என்று பாய் சொல்வார்.