அப்பாவின் தோல் கோட்டுக்கு முதுகு வைத்த கதை

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்கு என்று ஒரு வாசனை உண்டு. ஈர மரமும் நல்லெண்ணெயும் கலந்தாற்போன்ற அந்த வாசனை எங்கே மூக்கில் பட்டாலும், எண்பதை நெருங்கிக்கொண்டிருக்கிற நான் ஒன்பது வயதுப் பெண்ணாகி, அப்பாவின் மோட்டார் சைக்கிளில் அவர் முதுகோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில், போடிமெட்டுக்கு மேற்கே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆசுபத்திரியில் அப்பா கம்பவுண்டராக இருந்தார். தினமும் காலையில் மருந்துப் பெட்டியை டேங்கின் மேல் வைத்துக் கட்டி, என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, மேல் டிவிஷன்களுக்கு ஏறி, தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் லயம் லயமாகக் காய்ச்சல்காரர்களைப் பார்த்துவிட்டு வருவார். ஒரு மார்கழியில் பனிக்காற்று நெஞ்சில் இறங்கி, ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்தவர் மூன்று வாரம் நிமோனியாவில் கிடந்தார். "இன்னொரு தடவை இப்படி வந்தா வண்டியைத் தொடக்கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வண்டி ஓட்டாத கம்பவுண்டரை வைத்துக்கொண்டு தோட்டம் என்ன செய்யும்? வேலை போனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, திருநெல்வேலிப் பக்கம் இறங்க வேண்டியதுதான். அடுத்த குளிருக்குள் அவருக்கு ஒரு தோல் கோட்டு தைத்தே ஆக வேண்டும் என்று அம்மா முடிவு கட்டினாள்.

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் "தோல் ஷாப்பில்" வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, நாலு ஆட்டுத்தோலையும் ஒரு பெரிய கன்றுத்தோலையும் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். கன்றுத்தோலை மட்டும் கட்டிலில் விரித்து, "இது முதுகுக்குன்னே எடுத்தது அத்தான், ஒரு தழும்பு கெடையாது. பாத்து வெட்டச் சொல்லுங்க, தோல்ல போட்ட ஓட்டை மூடாது" என்றார்.

பஜாரில் இருந்த சவரிமுத்து டெய்லர் துரைமார்களின் கூடாரத்தையும் குதிரைச் சேணத்தையும் தைத்துப் பழகியவர். பழுப்புக் காகிதத்தில் அவர் மூன்று முதுகு வரைந்து காட்டினார். ஒன்று, மடிப்போ தையலோ இல்லாமல் முழுத்துண்டாக இறங்கும் முதுகு. இன்னொன்று, இரண்டு தோள்பட்டைக்குப் பின்னாலும் மடிப்பு வைத்தது. மூன்றாவது, இடுப்பில் பட்டி வைத்து இழுத்துப் பிடிப்பது. பட்டி வைத்ததை "சர்க்கஸ்காரன் கோட்டு" என்று அம்மா உடனே தள்ளிவிட்டாள். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மடிப்புத்தான் சுகம் என்று டெய்லர் இரண்டு முறை சொன்னார். அம்மா கேட்பவளா? கிறிஸ்துமஸ் ஆராதனையில் அப்பா வேதபாடம் வாசித்துவிட்டு முதல் வரிசையில் போய் உட்காருவார். அதுதான் அவள் மனதில் இருந்தது.

"முன்பக்கத்தை யாரு பாக்கா? வாசிக்கையில பைபிள் மறைச்சிரும். ரெண்டு மணி நேரம் சபை பூரா பாக்கப்போறது முதுகைத்தான். தழும்பில்லாத தோலை மடிச்சு மறைக்கவா என் தம்பி தூக்கிட்டு வந்தான்?"

தன் முதுகைத் தானே பார்த்திராத அப்பா, "ஒனக்குப் பிடிச்சாப்புல வையி" என்று சொல்லிவிட்டார். முழுத்துண்டு என்று முடிவானது. மிஞ்சுகிற கன்றுத்தோலில் வீட்டுப் பைபிளுக்கு ஓர் உறை தைத்துத் தரவும் அம்மா சொல்லிவைத்தாள்.

அளவெடுத்த அன்றுதான் தப்பு நடந்தது. காலைப் "பெரட்டில்" பேர் கூப்பிடும்போது துரை முன்னால் நின்று நின்று எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம். யாராவது எதிரே வந்து ஏற இறங்கப் பார்த்தால் போதும், நெஞ்சு தானாக நிமிரும், கை இரண்டும் தொடையோடு ஒட்டிக்கொள்ளும். டேப்பைக் கண்டதும் அப்பாவும் அப்படியே நின்றார். டெய்லரும் அப்படியே அளந்தார்.

பைபிள் உறையோடு கோட்டு வந்தது. அப்பா அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது அம்மா பின்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தாள். மறுநாள் காலை அவர் வண்டியில் உட்கார்ந்து ஹாண்டிலுக்குக் கையை நீட்டினாரோ இல்லையோ, முதுகு இழுத்துப் பிடித்தது, கோட்டின் கை முழங்கை வரை ஏறியது, நெஞ்சில் பொத்தான்கள் தெறிக்கப் பார்த்தன. குவார்ட்டர்ஸ் மறைகிற வளைவு வரை மூச்சைப் பிடித்து ஓட்டியவர், அங்கே நிறுத்திப் பொத்தான்களையெல்லாம் கழற்றிவிட்டார்.

"அம்மாட்ட சொல்லாத பாப்பா. ஆசையா தச்சிருக்கா."

அன்றிலிருந்து தினமும் அந்த வளைவில் கோட்டு திறக்கும். எந்த நெஞ்சுக்காகத் தைத்தோமோ அந்த நெஞ்சிலேயே பனிக்காற்று நேராக அடிக்கும். சாயங்காலம் அதே வளைவில் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி வீடு வந்து சேருவார். நானும் பெரிய மனுஷி மாதிரி வாயை மூடிக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் காப்பி குடிக்கும்போது அப்பா இருமினார். போன வருஷத்து இருமல் அது. எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்த அம்மாவிடம் திரும்பாமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பின்னுகிற கை நின்றது. திட்டுவாள் என்று பார்த்தேன். சடையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய், அலமாரியிலிருந்து பைபிளை எடுத்து, பிளேடால் உறையின் தையலை ஒவ்வொன்றாக அறுத்து, தோலைத் தனியே உரித்தாள். பைபிளுக்குப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டாள். அன்று சாயங்காலமே எங்கள் இருவரையும் பஜாருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டெய்லர் அப்பாவை ஒரு முக்காலியில் உட்காரவைத்தார். "பாப்பா, எதுக்க வந்து நில்லு. கைய நீட்டு. இன்னைக்கு நீதான் ஹாண்டில்" என்றார். அப்பா முன்னால் குனிந்து என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். குளிர்ந்த, டிங்சர் வாசம் வீசும் கைகள். பின்னாலிருந்து அளந்த டெய்லர், "நாலு விரக்கடை கொறையுது. நிக்கிற ஆளுக்குத் தச்சிட்டேன் ஐயா" என்று தலையில் கை வைத்தார்.

"ஒங்க மேல தப்பில்ல. நான் முதுகையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்" என்றாள் அம்மா. கத்தரி அந்தத் தழும்பில்லாத முதுகில் இறங்கியபோது அவள் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தோள்பட்டைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் பைபிள் உறைத் தோல் மடிப்பாக உள்ளே போனது. அப்பா நிமிர்ந்து நின்றால் மடிப்பு தெரியாது. கையை நீட்டினால் விரியும், பைபிளைச் சுற்றி ஓடியிருந்த ஊசி ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். வண்டியில் போகும்போது அந்த ஓட்டைகளை விரலால் எண்ணிக்கொண்டே போவேன். பள்ளிக்கூடம் வருமுன் எண்ணிக்கை தவறிவிடும். கிறிஸ்துமஸ் அன்று ஆராதனையில் அப்பா ஜெபத்துக்குக் குனிந்தபோது, சபை பூராவும் அந்த ஓட்டைகளைப் பார்த்தது. பக்கத்திலிருந்த பெண் என்னவோ கேட்டாள். அம்மா, மூச்சு வாங்காமல் பாடுகிற அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இருமல் திரும்ப வரவில்லை. ஓய்வு பெறும் வரை அப்பாதான் மேல் டிவிஷனுக்கு மருந்து கொண்டுபோனார்.

இப்போது அந்தப் பாதையில் ஜீப்புகள் ஓடுகின்றன. ஆசுபத்திரி இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி வந்துவிட்டது. டெய்லரும் இல்லை, அம்மாவும் அப்பாவும் இல்லை. பைபிளுக்கு வேறு தோல் கொண்டுவருகிறேன் என்று மாமா எத்தனையோ முறை சொல்லியும் அம்மா சம்மதிக்கவில்லை. வருஷா வருஷம் பழுப்புக் காகிதம்தான். அம்மாவுக்குப் பிறகு அந்த அட்டையை நான் மாற்றுகிறேன். போன டிசம்பரில் மாற்றி முடித்த பிறகு, பெட்டியிலிருந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து கைகளை முன்னால் நீட்டிப் பார்த்தேன். தோல் விறைத்திருந்தாலும் மடிப்பு மெல்ல விரிந்து கொடுத்தது. பிடித்துக்கொள்ளத்தான் எதிரே யாருடைய மணிக்கட்டும் இல்லை.