ஊருக்கெல்லாம் ஒரே கடவுச்சொல்

சண்டை ஓய்ந்திருந்த காலத்தில் ஊர்காவற்றுறையில் ஓர் இணையக் கடை திறந்தது. எங்களுக்குக் கணினி தெரியாது. கடைக்காரரே எல்லோருக்கும் மின்னஞ்சல் முகவரி எடுத்து, மறக்காமல் இருக்கட்டும் என்று எங்கள் கோயில் புனிதரின் பெயரையே கடவுச்சொல்லாகப் போட்டார். நாங்கள் போகாத நாளிலும் கடிதங்களைத் திறந்து, வருகிறவர்களிடம் எங்களுக்குச் சேதி சொல்லி அனுப்புவார். அதை உதவி என்றே நினைத்தோம்.

அப்படித்தான் கனடாவில் தங்கையின் மகளுக்குப் பேசிய கலியாணம் குழம்பிய செய்தி, எனக்கு முன்னமே மீன் சந்தைக்குப் போய்விட்டது.

"இனி உனக்கு ஒண்டும் எழுதமாட்டன்" என்று தங்கை தொலைபேசியில் அழுதாள்.

யாழ்ப்பாணத்தில் கணினிப் பாதுகாப்புப் பற்றிய தமிழ்ப் புத்தகம் ஒன்று வாங்கி, மாலைதோறும் கோடிட்டுப் படித்தேன். பிறர் ஊகிக்கக்கூடிய பெயரைக் கடவுச்சொல்லாக வைக்கக்கூடாது என்றிருந்தது. கடைக்குப் போய், புத்தகத்தைப் பார்த்து என் கடவுச்சொல்லை நானே மாற்றினேன். பயமில்லாமல் எழுது என்று தங்கைக்கும் அறிவித்தேன்.

அடுத்த கிழமை கடைக்காரர் முகம் வாடியிருந்தது.

"அக்கா, உங்கட பெட்டியைத் திறக்க ஏலாமல் கிடக்கு. புனிதரின்ரை பேரை எத்தினை தரம் அடிச்சுப் பாத்தனான்!"

"அவர் இனிக் கோயிலிலை இருக்கட்டும். எழும்பும் தம்பி, கதிரையைத் தாரும்."

வரிசையில் நின்ற பெண் சிரித்தாள். "அக்கா, எங்கட பெட்டிக்கும் பூட்டுப் போட்டுத் தாங்கோ."

தங்கை எழுதியிருந்தாள். மகளுக்கு வேறிடத்தில் கலியாணம் சரிவந்திருந்தது.

திரும்பும் வழியில் விளைமீன் வாங்க நின்றேன். "கனடாவிலை என்ன புதினம்?" என்று மீன்காரர் கேட்டார். சந்தையில் ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.