டேட்டிங் ஆப்பில் நான் போட்ட இடம்

உடல் நெருக்கத்தால் தொற்றும் குரங்கம்மை பற்றிய பயம் பரவியபோது, நான் நர்ஸாக இருக்கும் காரக்கோணத்துக் கிளினிக்கின் இடத்தையும் நேரத்தையும் டேட்டிங் ஆப்பில் போட்டேன். "காய்ச்சலும் கொப்புளமும் இருந்தால் வாருங்கள். பெயர் கேட்கமாட்டோம்."

மறுநாள் எதிர்ச் சாயாக்கடையில் நாலைந்து பேர், அதே ஆப்பிலுள்ள படங்களோடு வருகிறவர்களின் முகத்தை ஒத்துப்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எலே, நம்ம ரப்பர் கடைக்காரனாக்கும். பொண்ணு பாக்க வாறாரு." ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

கழுத்தில் துண்டு சுற்றியிருந்த அந்த மனிதர் வாசலிலேயே திரும்பினார். ஓடிப்போய் மறித்தேன்.

"அண்ணா, உள்ள வாங்க. அவனுகள விடுங்க."

"எனக்கு மட்டுமா சிஸ்டர் இடம் சொன்னிய? அவனுகளுக்கும் சேத்தாக்கும் சொன்னது."

துண்டுக்குக் கீழே கொப்புளம் தெரிந்தது. பஸ்ஸேறிவிட்டார்.

சீழ் துடைத்துவிட்டு, கை கழுவிச் சாப்பிட உட்காருகிறவள் நான். அன்று அந்தச் சிரிப்பை நினைத்தே சோற்றுப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டேன். இப்போது ஆப்பில் எனக்கு எழுதிக் கேட்பவர்களுக்கு மட்டும் இடம் சொல்கிறேன். அவர் இன்னும் கேட்கவில்லை.