எம்.எஸ்சி.யா, எம்.சி.ஏ.வா: விக்கிரவாண்டியிலிருந்து இரண்டு திசையில் ஒரு நாள்

போன ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை, கல்பனாவும் நானும் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு இரண்டு கல்லூரிகளைப் பார்க்கக் கிளம்பினோம். இருவருக்கும் ஊர் விக்கிரவாண்டி. பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்துவிட்டு, ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் டேட்டா என்ட்ரி வேலை. மேற்படிப்பு என்றால் சேர்ந்தே படிப்பது என்று பேசி வைத்திருந்தோம். எம்.சி.ஏ.வுக்கான நுழைவுத் தேர்வையும் இருவரும் எழுதியிருந்தோம். எங்கே சேர்வது என்பதுதான் பாக்கி.

எனக்கு இந்தப் படிப்பின் மேல் ஆசை வந்ததற்கு ஒரு சின்னக் காரணம் உண்டு. எங்கள் அலுவலக மென்பொருளில் தமிழ்ப் பெயர்களை அகர வரிசைப்படுத்தினால் பின்னால் வர வேண்டிய மனோகரி முன்னாலும் மலர்விழி பின்னாலும் வந்து நிற்பார்கள். ஏன் என்று கேட்டால், "அது அப்டித்தாம்மா வரும், கீழ தேடிப் பாரு" என்பார் மேனேஜர். மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். கல்பனாவுக்கு என்ன காரணம் என்று நான் கேட்டதில்லை. அவளுக்குத் திருமணமாகி மூன்று வயதில் பெண் குழந்தை இருக்கிறது. அவளால் சமாளிக்கக்கூடிய கல்லூரியாகப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் என் மனதில் ஓடியது.

காலை எட்டே காலுக்கு டவுன் பஸ். விழுப்புரம் பதின்மூன்று கிலோமீட்டர். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பேருந்து நிலையத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு, ஷேர் ஆட்டோவில் கல்லூரி வாசலில் இறங்கினோம். பெயர் வேண்டாம். அங்கே இருப்பது எம்.எஸ்சி. கணினி அறிவியல்.

துறையில் இருந்த பேராசிரியை எங்களை உட்கார வைத்துப் பேசினார். கல்பனாவுக்குக் குழந்தை இருப்பதைக் கேட்டதும், "கவலப்படாதம்மா. வாரத்துக்கு மூணு நாளு வந்தா கூட பாத்துக்கலாம். கல்யாணம் ஆனவங்க ரெண்டு மூணு பேரு அப்டித்தான் படிச்சிக்கினு இருக்காங்க" என்றார். நான் கல்பனாவைப் பார்த்துச் சிரித்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

லேபைப் பார்க்கலாமா என்று கேட்டோம். பாதிக் கணினிகள் பழசு. இரண்டு மின்விசிறிகள் சுற்றவில்லை. ஆனால் மாலை ஆறரை வரை பூட்டுவதில்லையாம். ஓரத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தால் தமிழ்ப் பெயர்ப் பட்டியல். மனோகரிக்குக் கீழே மலர்விழி!

"இது எங்க ஆபீஸ்லயும் இப்டித்தாங்க வருது" என்றேன்.

"எங்கயும் அப்டித்தாங்க வரும். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாதுல்ல, நம்பர்தான் தெரியும். நம்ம வரிசைல 'ன' கடைசி எழுத்து. கம்ப்யூட்டர்ல 'ந'வுக்குப் பக்கத்துலயே அதுக்கு நம்பர் குடுத்துட்டாங்க. நம்பர் படி அடுக்கனா 'ன' முன்னாடி வந்துடுது. நான் தனியா ஒரு வரிசை எழுதிக்கினு இருக்கேன்" என்றாள் அவள்.

அவ்வளவுதான் விஷயம். மூன்று வருடமாக யாரும் சொல்லாததை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டாள். அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க மறந்துபோனேன். கல்பனா வந்து தோளைத் தட்டி, "வாடி சுதா, திண்டிவனம் போவணும்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

சென்னை போகிற பேருந்தில் ஏறும்போது நடத்துநர், "திண்டிவனமா? உள்ள போவாதும்மா, பைபாஸ்லதான் எறக்கி வுடுவேன்" என்றார். அங்கேயே இறங்கிவிட்டு, ஊருக்குள் போகிற வண்டிக்குக் காத்திருந்தோம். ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம், தலைக்கு முப்பத்தைந்து ரூபாய். கையில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இருந்ததால் பசி தெரியவில்லை.

திண்டிவனத்தில் பார்த்தது எம்.சி.ஏ. படிப்பு. புதுக் கட்டடம், குளிரூட்டிய லேப், நான்கு மணிக்குப் பூட்டு. துறைத் தலைவர் கறாரானவர். "எட்டு அம்பதுக்கு கேட்டு பூட்டிடுவோம். லேட்டா வந்தா அன்னிக்கி ஆப்சென்ட். லீவுன்னா வீட்டுக்கு மெசேஜ் போவும். கொழந்தைக்கு ஜொரம்னாலும் லெட்டர் வேணும். முடியும்னா சேருங்க."

வெளியே வந்ததும் நான் முடிவே செய்துவிட்டேன். டீக்கடையில் உட்கார்ந்து, "சரி, விழுப்புரத்துலயே சேந்துடலாம். உனக்கு அதான் ஒத்து வரும்" என்றேன்.

கல்பனா டீயைக் கீழே வைத்தாள். "எனக்கு இதான் வேணும்."

"இன்னாடி சொல்ற? அந்த ஆளு பேசுனத கேட்டல்ல?"

"கேட்டேன். அதனாலதான். போன வருசம் டேலி கிளாஸ் போனேனே, இன்னா ஆச்சு? எப்ப வேணா லீவு போடலாம்னு இருந்துச்சு. விருந்தாளி வந்தா லீவு, அத்தைக்குக் கால் வலின்னா லீவு. கடைசில கிளாஸே லீவு. யாரும் போவாதன்னு சொல்லல சுதா. இன்னிக்கி ஒரு நாளு இருந்துடேன்னுதான் சொன்னாங்க. விழுப்புரத்துல அந்த மேடம் நல்லவங்கதான். ஆனா மூணு நாளு போதும்னு எங்க வீட்டுக்குத் தெரிஞ்சா, அந்த மூணு நாளும் எனக்குக் கெடைக்காது. இங்க கேட்டு பூட்டுவாங்க. அத காட்டித்தான் நான் வீட்ட வுட்டுக் கெளம்ப முடியும்."

அவளுக்காக என்று நினைத்து நான் கணக்குப் போட்டதெல்லாம் அவளைக் கேட்காமல் போட்டது. "அப்ப நானும் இங்கயே சேந்துடறேன்" என்றேன்.

"பேஜாரு பண்ணாத. அந்தப் பொண்ணு பக்கத்துல நீ ஒக்காந்திருந்தத நான் பாத்துக்கினுதான இருந்தேன்? நாலு மணிக்குப் பூட்டற லேப்ல நீ இன்னா பண்ணுவ?"

திரும்பி வரும்போது ஜன்னலோரம் அவள் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. மூன்று வருடம் வேலைக்கு ஒன்றாகவே பஸ் ஏறியவர்கள் நாங்கள்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். சேர்க்கை நடக்கும் நாளில் போகாதீர்கள். வகுப்பு நடக்கிற சாதாரண நாளில் போங்கள். கல்லூரி அலுவலகத்தில் கேட்பதைவிட லேபில் உட்கார்ந்திருப்பவர்களிடம் கேளுங்கள், முக்கியமாக அது எத்தனை மணிக்குப் பூட்டும் என்று. திண்டிவனத்துக்குப் பேருந்து ஊருக்குள் போகுமா என்று கேட்டு ஏறுங்கள். கல்லூரி நல்லதா என்பது பாதிக் கேள்விதான். உங்கள் வீட்டை, உங்கள் நாளை அது என்ன செய்யும் என்பது மீதி. அதற்கு உங்களோடு வருகிறவர் பதில் சொல்ல முடியாது.

நான் விழுப்புரம், அவள் திண்டிவனம். இப்போது முதல் செமஸ்டர் முடியப் போகிறது. காலையில் சாலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நிற்கிறோம். போன வாரம் கல்பனா எதிர்ப்பக்கம் நின்று என்னிடம் கையாட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். பின்னால் அவள் கணவர், இடுப்பில் குழந்தையோடு. குழந்தைக்குக் கோணலாகப் பின்னிய சடை, கையில் ஒரு பிஸ்கட். பேருந்து வந்து நின்றதும் அவர்தான் பதறிக் கத்தினார்:

"ஏறு ஏறு, ஜல்தி! கேட்டு பூட்டிடப் போறாங்க!"