மூன்றாவது சரணம்

எங்கள் வட்டாரத்தில் அந்தப் பாட்டைத் தெரியாதவர்கள் யாருமில்லை. அதை முழுதாகத் தெரிந்தவர்களும் அநேகமாக யாருமில்லை. இதற்கு என் மாமாவைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

மாமா, அம்மாவுக்குத் தம்பி. வார நாட்களில் பாசிர் கூடாங் பக்கம் லோரி ஓட்டுவார். சனி ஞாயிறில் பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு கல்யாண விருந்துகளில் பாடப் போய்விடுவார். கித்தாரும் குரலும் அவருடையவை. கீபோர்டுக்கு ஒரு நண்பர், தபேலாவுக்கு இன்னொரு நண்பர். இந்த மூன்று பேரைத்தான் அவர் 'என் ஆர்கெஸ்ட்ரா' என்பார். விருந்தில் பாடுவதற்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். எந்தப் பாட்டாக இருந்தாலும் இரண்டு சரணம், அதோடு சரி. ஒரு பதார்த்தம் முடிந்து தட்டை எடுத்து அடுத்த பதார்த்தம் மேசைக்கு வருவதற்குள் ஒரு பாட்டு முடிந்திருக்க வேண்டும். யாராவது ஏன் என்று கேட்டால், "மூணாவது சரணம் பாடுனா மீனு ஆறிப் போயிடும்லா" என்பார். மீன் வந்த பிறகு ஜொகூரில் எந்தத் தமிழனும் பாட்டுக் கேட்பதில்லை என்பது அவருடைய அனுபவம்.

அந்தப் பாட்டு ஆங்கிலப் பாட்டு. அம்மா பிறப்பதற்கு முன்பே வந்த பழைய கித்தார்ப் பாட்டு. ஒருவன் படகேறிக் கடலுக்குப் போகிறான். வாசலில் விளக்கை எரியவிடு என்று வீட்டிலிருப்பவளிடம் சொல்கிறான். இது முதல் சரணம். காற்று திரும்பும்போது நானும் திரும்பிவிடுவேன், அந்த வெளிச்சத்தைப் பார்த்து வீட்டைக் கண்டுபிடித்துக்கொள்வேன் என்கிறான். இது இரண்டாவது. மாமாவைப் போலவே மற்ற பேண்டுக்காரர்களும் இதோடு நிறுத்திக்கொண்டதால், இது வீடு திரும்புகிறவனின் பாட்டு என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. கல்யாணத்தில் பாடினார்கள். மேல்படிப்புக்கு வெளிநாடு போகிற பிள்ளைக்கு வழியனுப்பு விருந்தில் பாடினார்கள். புதுமனை புகுவிழாவில்கூட மாமா ஒருமுறை பாடி, விளக்கு என்று வருகிறதே, மங்களமாக இருக்கட்டும் என்று சமாதானம் சொன்னார்.

அப்பாவும் அந்தப் பாட்டைப் பாடுவார். ஆனால் ஒரே ஒரு சமயத்தில்தான். வாசற்படியில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிறு கட்டும்போது. அவருக்குக் குரலும் கிடையாது, தாளமும் கிடையாது. இருந்தாலும் எனக்கு அந்தப் பாட்டென்றால் அதுதான். மற்றதெல்லாம் நகல்.

முதலில் அவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்தார். விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய், நான் தூங்கியபின் வருவார். பிறகு ஆஸ்திரேலியாப் பக்கம் ஓடுகிற கப்பலில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்தது. ஆரம்பத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை பெட்டி நிறைய சாக்லேட்டோடு வந்தார். அப்புறம் சாக்லேட் மட்டும் வந்தது. எனக்குப் பத்து வயதான அந்த வருடம், முந்தின தீபாவளிக்கு வந்து போனவர் திரும்பவே இல்லை. எனக்கு அவர் வேண்டும் என்று இருந்தது. எதற்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தோழிகளின் அப்பாக்கள் பள்ளி வாசலில் வந்து காரில் ஹார்ன் அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் நானும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன்.

அப்பா இல்லாத வீட்டில் எனக்கு ஒரு பொறுப்பு இருந்தது. பாட்டில் சொன்னபடி தினமும் பொழுது சாயும்போது வாசல் விளக்கைப் போடுவது. நாங்கள் இருக்கும் பெர்மாஸ் ஜெயாவில் வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். ஒரு வருடம் கழித்து வருகிறவர் வீடு தெரியாமல் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியின் கதவைத் தட்டிவிடக்கூடாதே என்பது என் கவலை. விடிய விடிய எரியும் அந்த விளக்கை அம்மா ஒருநாளும் இடையில் அணைத்ததில்லை. மற்ற எதற்கும் மின்சாரக் கட்டணத்தைச் சொல்லித் திட்டுகிறவர் இதற்கு மட்டும் வாயே திறக்கவில்லை.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அப்பாவிடமிருந்து போன் வந்தது. நான் மேல்மாடியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். கீழே இறங்கி வருவதற்குள் அம்மா போனை வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மாமா வந்தார். இருவரும் சமையலறையில் பேசுவது மாடிப்படியில் நின்ற எனக்குக் கேட்டது.

"முடிவா சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாரு."

"பிள்ளைக்கிட்ட என்ன சொல்லப் போறக்கா?"

"இப்ப ஒன்னும் சொல்லாத தம்பி. தீபாவளி முடியட்டும்."

எனக்கு ஒரே சந்தோஷம். அப்பா தீபாவளிக்கு வருகிறார், எனக்குத் தெரியாமல் வைத்து அசத்தப் போகிறார்கள் என்று புரிந்துகொண்டேன். பெரியவர்கள் ஒரு விஷயத்தை என்னிடம் மறைத்தால் அது நல்ல விஷயமாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வயது. பிறந்தநாள் கேக்கை அப்படித்தானே மறைத்தார்கள்.

சரி, அவர்கள் எனக்கு இன்ப அதிர்ச்சி கொடுத்தால் நானும் அவருக்கு ஒன்று கொடுப்பது என்று தீர்மானித்தேன். எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு மண்டபத்தில் ஒவ்வொரு தீபாவளிக்கும் யாரும் வந்து சாப்பிடலாம் என்று திறந்த இல்ல உபசரிப்பு நடக்கும். மாமாவின் ஆர்கெஸ்ட்ரா உண்டு. அதில் அந்தப் பாட்டை நான் பாட வேண்டும். மாமாவிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "வேற பாட்டு பாடுலா ஆயி. எத்தனையோ பாட்டு இருக்கு" என்றார். நான் அழுதேன். என் அழுகை எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். மாமா ஒத்துக்கொண்டார்.

ஆனால் மாமா பாடும் விதத்தில் பாட எனக்கு இஷ்டமில்லை. அவர் அதில் தபேலாவைப் புகுத்தி, நடுவில் 'ஹோய் ஹோய்' என்றெல்லாம் சேர்த்து வைத்திருந்தார். அப்பாவுக்கு அடையாளமே தெரியாது. உண்மையான பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமென்று மாமாவை இரவுச் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சிடி விற்கும் மலாய்க்கார அண்ணன், அபாங் என்று கூப்பிடுவோம், பெட்டி பெட்டியாக எடுத்துப் போட்டுக் காட்டினார். அப்போதுதான் அந்தப் பாட்டு எத்தனை வேஷம் போட்டிருக்கிறது என்று தெரிந்தது. சாக்சபோனில் ஒன்று, லிப்டுக்குள் கேட்கிற மாதிரி. மலாய் ராக் குழு ஒன்று அதே மெட்டில் கம்பத்து, அதாவது கிராமத்து, நினைவைப் பாடி உருகியது. சீனமொழியில் ஒரு பெண் விம்மி விம்மிப் பாடினாள், ஏனென்று எங்கள் மூவருக்கும் விளங்கவில்லை. குழந்தைகளைத் தூங்க வைக்க மணி ஓசையில் ஒன்று. ஆட்டம் போடுவதற்கு ஒன்று, அதில் படகுக்காரன் விமானத்தில் போகிற வேகம். எல்லாமே இரண்டு சரணம்தான். மீன் எல்லா நாட்டிலும் ஆறிப்போகும் போலிருக்கிறது.

கடைசியில் அபாங் அடியிலிருந்து தூசி படிந்த ஒரு சிடியைத் துடைத்து எடுத்து, "இதுதான் ஓரி, அடேக்" என்றார். அசல் என்பதற்கு இங்கே ஓரி என்றும், தங்கைக்கு அடேக் என்றும்தான் சொல்வார்கள். போட்டதும் கண்டுகொண்டேன். வெறும் ஒரு கித்தார், கரகரத்த ஒரு குரல். பாடகர் கூடச் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டே பாடுவது போல இருந்தது.

வீட்டில் அதைப் போட்டுப் பழகினேன். இரண்டாவது சரணம் முடிந்து கித்தார் மட்டும் கொஞ்ச நேரம் வாசிக்கும். சரியாக அந்த இடத்தில் அம்மா எங்கிருந்தாவது வந்து நிறுத்திவிடுவார். கையில் மாவு ஒட்டியிருந்தால் முழங்கையால் அமுக்குவார். "போதும், வந்து சாப்பிடு." அல்லது, "போதும், போய்க் குளி." அம்மாவுக்குக் கித்தார்ச் சத்தம் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை அம்மாவுக்கு ஓவர்டைம். தொழிற்சாலை பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அன்றுதான் கித்தாருக்குப் பிறகும் பாட்டு இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். மூன்றாவது சரணம்! படகு இன்னொரு கரை சேர்ந்துவிட்டது, விளக்கை அணைத்துவிடு, கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கு என்று அவன் பாடினான்.

எனக்குப் புல்லரித்தது. அவன் வந்துவிட்டான்! வீட்டுக்கு வந்து சேர்ந்தவனுக்கு வாசலில் விளக்கு எதற்கு? 'இன்னொரு கரை' என்பது மட்டும் கொஞ்சம் இடித்தது. நடுக்கடலில் இருக்கிறவனுக்கு நம் வீட்டுக் கரைதானே இன்னொரு கரை என்று நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் கிடைக்கும் என்று வேறு நினைத்தேன். யாருக்கும் சொல்லாமல் அதை மனப்பாடம் செய்தேன். நான் கடைசி வரியைப் பாடும்போது அப்பா மண்டபத்துக்குள் நுழைவார். அவர் பெட்டியை எந்தக் கையில் வைத்திருப்பார் என்பது வரை யோசித்து வைத்திருந்தேன்.

தீபாவளியன்று அப்பா வரவில்லை; உபசரிப்புக்கென்றே வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தீபாவளி கழிந்த ஞாயிறு, நண்பகல். மண்டபம் நிறைய ஆட்கள். முறுக்கு, மீகூன், சாத்தே எல்லாம் ஒரே மேசையில். அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் என் துப்பட்டாவை மடித்து இடம் பிடித்து வைத்தேன். யாரோ உட்கார வந்தபோது, "ஆள் வருது" என்றேன். அம்மா அந்தத் துப்பட்டாவைப் பார்த்தார். எடுக்கச் சொல்லவில்லை.

பாடினேன். தபேலா வேண்டாம் என்று முன்பே சண்டை போட்டிருந்தேன். இரண்டாவது சரணம் முடிந்ததும் மாமா சிரித்துக்கொண்டே கையை உயர்த்தி கீபோர்டுக்காரருக்கு முடிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். அவரும் முடித்தார். ஒருசிலர் கைதட்டவும் தொடங்கிவிட்டார்கள். நான் மட்டும் முடிக்கவில்லை. துணைக்கு எந்த வாத்தியமும் இல்லாமல் மூன்றாவது சரணத்தைத் தொடங்கினேன்.

மாமாவின் கை அப்படியே மேலே நின்றது. முன்வரிசையில் ஒருவர் வாய்க்குக் கொண்டுபோன சாத்தேயைத் தட்டில் வைத்துவிட்டார். ஊர் முழுக்க அத்தனை வருடம் பாடிய பாட்டு எதைப் பற்றியது என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் அவர்களைப் பார்க்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கை அணைத்துவிடு என்று பாடினேன். கதவைச் சாத்து என்று பாடினேன். வாசல் வழியாக யாரோ ஒரு குழந்தை பலூனோடு உள்ளே ஓடி வந்தது.

பாட்டு முடிந்தது. யாரும் வரவில்லை. முதலில் கைதட்டியது அம்மா. எழுந்து நின்று, தலைக்குமேல் கையைத் தூக்கித் தட்டினார். பிறகு மெல்ல மற்றவர்களும் தட்டினார்கள். மேடையிலிருந்து இறங்கியதும் மாமா என்னைத் தூக்கிக்கொண்டார். பத்து வயதுப் பெண்ணை யார் தூக்குவார்கள்? எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அலமாக், என்ன கனம்லா நீ" என்றார்.

வீட்டுக்கு வந்தோம். பொழுது சாய்ந்தது. அன்று நான் சுவிட்ச் பக்கமே போகவில்லை. சோபாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தேன். அப்பாமேல் கோபம். அதைவிட அந்தப் பாட்டுமேல் கோபம்.

அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னம்மா, லைட்டு போடலையா?"

"அதான் அணைச்சிடச் சொல்லிட்டானே."

அம்மா கொஞ்ச நேரம் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அது அவன் வீட்டு லைட்டும்மா. இது நம்ம வீட்டு லைட்டு" என்று சொல்லி எழுந்துபோய் அவரே சுவிட்சைப் போட்டார். அம்மா அதைப் போடுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வெளிச்சம் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்தது. எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. அம்மாவும் என்னோடு சேர்ந்து அப்பாவுக்காகக் காத்திருக்கிறார் என்று எனக்கு அவ்வளவு ஆறுதல். கொஞ்ச நேரத்தில் சாப்பிடக்கூட எழுந்துவிட்டேன்.

அப்பா ஆஸ்திரேலியாவில் பெர்த்திலேயே தங்கிவிட்டார். அங்கே அவருக்கு வேறு வீடு, வேறு வாசல். தீபாவளிக்கு வாட்சப்பில் ஒரு விளக்குப் படம் அனுப்புவார், நானும் ஒன்று அனுப்புவேன். மாமா அந்த ஞாயிறுக்குப் பிறகு அந்தப் பாட்டைப் பாடவே இல்லை. ஆனால் கடைகளிலும் லிப்டுகளிலும் அது இன்னும் ஒலிக்கத்தான் செய்கிறது. கேட்கும்போதெல்லாம் அந்தப் பத்து வயதின் ஏக்கம் அப்படியே திரும்பி வருகிறது. கால் தானாக நின்றுவிடும். இரண்டாவது சரணத்தோடு பாட்டும் நின்றுவிடும்.

இப்போது நானும் சிங்கப்பூரில்தான் வேலை. பாலத்து நெரிசலில் கிடந்து வீடு வந்து சேரும்போது இருட்டியிருக்கும். வாசல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். காரை நிறுத்திவிட்டுச் சில நாட்களில் இறங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று நாங்கள் இருவரும் காத்திருக்கிறோம் என்று நினைத்தேனே, அம்மா யாருக்காகவும் காத்திருக்கவில்லை. போன் வந்த அன்றே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. காத்திருந்தது நான் ஒருத்திதான் என்பதும், நான் காத்திருப்பதற்காகவே அம்மா அந்த விளக்கைப் போட்டார் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.