கொழும்புப் பலா

ஒரு காரியம் பிடிபடாவிட்டால் காத்தூன் பீவிக்குச் சோறு இறங்காது. ராயபுரத்தில் துறைமுகக் கூலிக்காரர்களுக்கு ஆப்பம் சுட்டு விற்பவள். கணவர் அமீர் கப்பலில் கரி அள்ளுபவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டாம் வருஷம் கொழும்பிலிருந்து ஒரு கன்றைத் தகர டின்னில் கொண்டுவந்து வாசலில் நட்டார். "கொழும்புப் பலா, ஷோக்கா இருக்கும்" என்றார், மறுபடி கப்பலேறிவிட்டார். அதன்பின் ஆட்கள் மூலம் சலாம்தான் வந்தது. எப்படித் தின்பது என்று கேட்க இவளுக்கும் தோன்றவில்லை. பலாவைத் தின்ன யாராவது பாடம் கேட்பார்களா?

நட்ட ஐந்தாம் வருஷம் காய்த்தது. பழுக்கட்டும் என்று ஆசையாகக் காத்திருந்தாள். பழுத்துப் பொத்தென்று விழுந்தது. பிளந்தால் சுளையுமில்லை, கொட்டையுமில்லை, குழைந்த களிதான். ஈ மொய்த்து, நாற்றம் தெருமுனை வரை போயிற்று. வாடகை வாங்கும் வீட்டுச் சொந்தக்காரர் பரசுராமன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"ஒரே பேஜாரா கீதும்மா. நாளைக்கு வெட்டிடப் போறேன்."

மரம் போய்விட்டால் அமீர் முகத்தில் எப்படி விழிப்பது? பொழுது விடிந்ததும் ஒரு காயை இடுப்பில் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினாள். கொழும்பிலிருந்து வந்தவர்கள் யார் யார் என்று கண்டவர்களையெல்லாம் கேட்டாள். கடைசியில் ஒரு கப்பல் சமையல்காரர் காயைத் தட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். இது சுளைப் பலா இல்லை, சீமைப் பலா, இதை யாராவது பழுக்க விடுவார்களா, முற்றிய காயாகவே பறித்துச் சீவி எண்ணெயில் பொரிக்க வேண்டும் என்றார்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வந்த வழியே ஓடினாள். வாசலில் மரம் வெட்டும் திருமலை கோடாலியோடு நின்றிருந்தான், பக்கத்தில் பரசுராமன்.

"செத்த இருப்பா, எண்ணெ காயட்டும்" என்று சொல்லிக்கொண்டே அடுப்பை மூட்டினாள். கையெல்லாம் பால் பிசுபிசுக்கத் தோல் சீவி, வில்லை வில்லையாக நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி எண்ணெயில் போட்டாள். ஓரமெல்லாம் சிவந்தது. அந்த வாசனைக்குத் தெருவே கூடிவிட்டது. பரசுராமனிடம் தட்டை நீட்டினாள்.

பரசுராமன் வேண்டாவெறுப்பாக ஒரு வில்லையைக் கடித்தார். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று மாவு. இன்னொன்று எடுத்தார். அப்புறம் தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இன்னாடா பாத்துகினு கீறே, திருமலை? கோடாலிய வெச்சிட்டு மேல ஏறு. நாலு காய் பறி."

காத்தூன் பீவி கரண்டியோடு மரத்தடியில் வந்து நின்றாள்.

"மரம் எங்க வூட்டுக்காரரு வெச்சது, நைனா. காய் வோணும்னா என்னைக் கேளுங்க."

பரசுராமன் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, அவளிடம் கேட்டார்.